உப்பில்லாக் கஞ்சியும் வராத படமும்

முதலில் பழுதானது மயில்.

நான் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுகிறவள். முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாக மை நிரப்பிக் கொடுத்தேன். இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டரில் அதே வேலை. நான் நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் தறியில் இழையாக மாறும். ஒரு கட்டம் பிசகினால் அன்னம் நொண்டும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு புகார் எனக்கு வந்ததில்லை. அதனால் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் சண்முகம் போன் செய்தபோது வேறு ஏதோ விஷயம் என்றுதான் எடுத்தேன்.

"அக்கா, மயிலுக்கு ரெண்டாவதா ஒரு தலை வெச்சிருக்கீங்களே, பின்னாடி திரும்பிப் பாத்துக்கினு, அது நல்லாத்தான் இருக்குது. இருதலைப்பட்சி மாதிரி புதுசா ஏதோ பண்ணியிருக்கீங்கன்னு நெனைச்சோம். தறியில நாலு வரிசை மயில் புட்டா ஓட்டிட்டோம். சரிதானே?"

"சரிதான்பா, புதுசுதான்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் வரைந்தது ஒற்றைத் தலை மயில். அந்த இரண்டாவது தலையை நான் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள். இதற்குப் பின் நான் மருத்துவமனையில் கிடந்த நாட்களுக்கான பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன. ஆகவே இதை எழுதும்போது ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்கிறேன். எனக்கு நன்றாக நினைவிருப்பதை அப்படியே எழுதுகிறேன். மற்றவர்கள் சொன்னதைச் சொன்னார்கள் என்றே எழுதுகிறேன். மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது: நினைவிருக்கிறது, ஆனால் நடந்ததா என்று தெரியாது. அந்த வகையில் ஒரு முழுநீளத் திரைப்படமே இருக்கிறது.

அதற்கு முன் எங்கள் நடிகரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இதற்கு மேல் படிக்கமாட்டீர்கள். மீதிப் பேர் என் உடம்பைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு அவரைப் பற்றியே கேட்பீர்கள். கல்லூரி நாளிலிருந்து நான் அவருடைய ரசிகை. அவருடைய பழைய படம் ஒன்றில் தணிகாசலம் என்ற லாரி டிரைவராக வருவார். கடைசிக் காட்சியில் மனைவியிடம் "வந்துடறேன்" என்று சொல்லி வண்டியை எடுப்பார். லாரி வளைவில் திரும்பும், படம் முடிந்துவிடும். அவன் வந்தானா இல்லையா என்று யாரும் காட்டவில்லை. அது என்னைப் பல வருடம் உறுத்தியது. அதனால் கதை வெளியிடும் ஒரு செயலியில் நானே மீதிக் கதையைத் தொடராக எழுத ஆரம்பித்தேன். சமையலை முடித்து, டிசைன் வேலையைத் திறக்கும் முன் கிடைக்கும் இடைவெளியில் எழுதுவேன். தணிகாசலம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். வாசகர்கள் அவன் எப்போது வீட்டுக்கு வருவான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் ஏகாம்பரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை பிரித்துக் காட்டுகிற வேலையில் இருக்கிறார். என் கதையில் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தினமும் கேட்பார்:

"இன்னைக்காவது வந்தானா உன் லாரிக்காரன்?"

"இன்னும் இல்லைங்க."

"எங்கயோ ரெண்டாவது குடும்பம் வெச்சிருக்கான். விசாரிச்சுப் பாரு."

மகள் நிவேதா ஏனாத்தூரில் படிக்கிறாள். அவளுக்கு என் கதைகூடப் பரவாயில்லை. ரசிகையாக இருப்பதுதான் தாங்காது. "அம்மா, ப்ளீஸ், என் ஃபிரண்ட்ஸ் முன்னாடி அந்த ஸ்டெல்லா ஆன்ட்டிகூட போன்ல பேசாத. ரெண்டு பேரும் ஸ்கூல் பசங்க மாதிரி கத்தறீங்க" என்பாள்.

ஸ்டெல்லா செவிலிமேட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், என்னைவிடச் சின்னவள். எங்கள் ஊர் ரசிகைகளின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தலைவி. நடிகரின் புதுப்படம் வருகிறது வருகிறது என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முதல் தடவை தள்ளிப்போனபோது நாங்கள் சிலர் கோயிலில் மண்சோறு சாப்பிட்டோம், வெறுந்தரையில் சோற்றைப் போட்டு. மறுபடியும் தள்ளிப்போனதும் ஸ்டெல்லா சொன்னாள், படம் திரைக்கு வரும்வரை யாரும் உப்பு சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று.

"நீ மாதா கோயிலுக்குப் போறவ. இது எந்தச் சாமிக்கு?" என்று கேட்டேன்.

"எந்தச் சாமி மொதல்ல கேக்குதோ அதுக்குதான்க்கா."

கேட்டவுடன் எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஒப்புக்கொண்டோம். குழுவில் மற்றவர்கள் சாதாரண மனிதர்கள் விரதம் இருக்கும் விதமாகத்தான் இருந்தார்கள். ஒருத்திக்கு ஊறுகாய் விதிவிலக்கு. இன்னொருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லாவே பஜ்ஜிக் கடையில் நின்றுகொண்டு, "வெளியில சாப்பிடறது கணக்குல வராதுக்கா" என்றாள். நான் மட்டும் கட்டம் தவறாமல் இருந்தேன். குழம்பில் உப்பு போடுமுன் என் பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஒருவர் சிரிப்பார், ஒருத்தி கத்துவாள்.

இதே சமயத்தில் எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருந்தேன். உடம்பில் உள்ள அதிக நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை அது. "உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னார். கொஞ்சம் என்றுதான் சொன்னார். விரதம் இருப்பதை நான் அவரிடமும் சொல்லவில்லை. உள்ளே உப்பு போகவில்லை. இருந்ததை மாத்திரை வெளியே அனுப்பியது. நாக்கு வறண்டதென்று நான் தண்ணீர் தண்ணீராகக் குடித்தேன். இப்போது வரிசையாக எழுதும்போது குழந்தைக்குக்கூடப் புரிகிறது. அப்போது எனக்குப் புரியவில்லை.

தலைவலி வந்தது. குமட்டலும் வந்தது. அதன் பிறகுதான் மயில். அதே வாரம் வெளியிட்ட அத்தியாயத்தில், தணிகாசலம் லாரியில் ஏறினான் என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் இல்லை. அவன் ஏறிக்கொண்டே இருக்கிறான். வாசகர்கள் சிலர் இது புதுப் பாணி என்று பாராட்டியிருந்தார்கள்.

இனி நிவேதா சொன்னது. ஒரு காலையில் அவள் காலேஜ் பையோடு சமையலறைக்கு வந்திருக்கிறாள். நான் அவளை மரியாதையாகப் பார்த்து, "ரொம்ப நேரமா இங்கயே இருக்கியேம்மா, உங்க வீட்ல தேடமாட்டாங்களா? கிளம்பு" என்றேனாம். அவள் சிரித்திருக்கிறாள். நான் சிரிக்கவில்லை. அடுத்து அவளுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து, "உங்க அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்றேனாம். அதன் பிறகு வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்லும்போது நிவேதா இப்போதும் நடுவில் நிறுத்திவிடுகிறாள்.

ஆட்டோவில் போனது எனக்கு நினைவில்லை. அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் அம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்தது நினைவிருக்கிறது. அங்கே நடந்த பேச்சை ஏகாம்பரம் சொன்னார்.

"உங்க பேரு?"

"கௌரி." அது சரியாக வந்திருக்கிறது.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"லாரி ஓட்டறாரு."

"அவரு எங்க இப்போ?"

"போனவருதான். வந்துடறேன்னு சொன்னாரு. இன்னும் வரல."

கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த ஏகாம்பரம், "நான் இங்கதான்மா இருக்கேன்" என்றாராம். நான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டரிடம், "இவரு நல்ல மனுஷர். பக்கத்துக் கடையில வேலை செய்றவரு" என்றேனாம்.

டாக்டர் அம்மா அவரிடம், "நீங்க பேஷன்ட்டுக்கு யாரு சார்?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல்முறை யோசித்ததாக ஏகாம்பரம் சொல்கிறார்.

பக்கவாதமாக இருக்குமோ என்று தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது: சோடியம், அதாவது ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்பு, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் அம்மா அவர்களுக்கு விளக்கியதை இங்கே எழுதுகிறேன். ரத்தத்தில் உப்பு குறைந்தால், தண்ணீர் மூளையின் செல்களுக்குள் புகுந்து அவை ஊறிப்போகும். ஊறிய மூளைக்கு ஆள் தெரியாது, நேரம் தெரியாது. மேலும் இறங்கினால் வலிப்பு வரும், நினைவு போகும். அதற்காக உப்பை ஒரேயடியாக ஏற்றவும் முடியாது. வேகமாக ஏற்றினால் மூளையில் நரம்பு இழைகளின் மேலுறை சிதைந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே சொட்டுச் சொட்டாக ஏற்றி, மறுபடி மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினார்கள். "சாப்பாட்டுல உப்பு எப்படி?" என்று கேட்டபோது, "டாக்டர் சொன்னாருன்னு கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கா" என்று ஏகாம்பரம் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உப்புநீர் ஏற்றியதில் முதலில் தேறினேன். நிவேதாவைப் பார்த்துப் பெயர் சொன்னேனாம். வார்டுக்கு மாற்றினார்கள். இனிமேல் சாப்பாடு வழியாகவே உப்பு ஏறிவிடும், மருத்துவமனைச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடட்டும், தண்ணீரை மட்டும் குறையுங்கள் என்று நர்ஸ் நிவேதாவிடம் சொன்னார்.

பெண்கள் வார்டில் பகலில் பெண்கள்தான் துணைக்கு இருக்கலாம். நிவேதாவுக்குப் பரீட்சை. கடையில் முகூர்த்த சீசன், ஏகாம்பரத்துக்கு முழு லீவு கிடைக்கவில்லை. காலையும் சாயங்காலமும் வருவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எனக்கென்று கொண்டுவந்த துப்பட்டிகளைக் கடை மடிப்பாக, கரை வெளியே தெரிய மடித்து அடுக்குவாராம். பக்கத்தில் இருந்தவர்கள் வியாபாரி என்று நினைத்து விலை கேட்டிருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் ஸ்டெல்லா தையல் மிஷினை மூடிவிட்டு வந்து நின்றாள். "பகல்ல நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ போய் எழுது" என்றாள். வேறு ஆளில்லாததால் நிவேதா ஒப்புக்கொண்டாள். காலையிலிருந்து இரவுச் சாப்பாடுவரை ஸ்டெல்லா, அதன் பிறகு நிவேதா என்று ஆனது. ஆனால் விவரம் சொல்லவில்லை. "அம்மாக்கு நரம்புல ஏதோ ப்ராப்ளம் ஆன்ட்டி. தண்ணி ஜாஸ்தி குடுக்க வேணாமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏன் முழுதாகச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "நீ இப்படி ஆனதுக்கு எப்படியோ அவங்கதான் காரணம்னு தோணுச்சும்மா. பேசவே பிடிக்கல" என்றாள். அவளுடைய ஊகம் பாதி சரி. ஆனால் பேசாமல் விட்டதில்தான் மீதி நடந்தது.

ஸ்டெல்லா வந்த நாளிலிருந்து என் சோடியம் ஏறவில்லை. நின்றது, பிறகு இறங்கியது. நான் மறுபடியும் குழம்பி, சுவரில் லாரி தெரிவதாகச் சொன்னேனாம். டாக்டர் அம்மாவுக்குக் குழப்பம். மாத்திரையை நிறுத்தியாயிற்று, நோயாளி நன்றாகச் சாப்பிடுகிறார் என்று குறிப்பு சொல்கிறது, பிறகு ஏன் இறங்குகிறது? தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. சிறுநீர் பார்த்தார்கள். கடைசியில் ஏகாம்பரத்தை அழைத்து உட்காரவைத்துச் சொன்னார். உடம்பு தண்ணீரை வெளியேவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ள ஒரு சுரப்பு உண்டு. சில சமயம் நுரையீரலில் உள்ள கட்டி அதே சுரப்பைத் தேவையில்லாமல் சுரக்கும். அப்போது சோடியம் இப்படி இறங்கும். அப்படித்தான் என்று சொல்லவில்லை, ஆனால் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம். ஏதாவது தெரிந்தால் சென்னைக்குப் போகவேண்டியிருக்கும்.

ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது ஒரே சொல்தான். கேன்டீனில் டீயை ஆறவிட்டுவிட்டு நிவேதாவிடம் கேட்டாராம்:

"கட்டின்னா எல்லாக் கட்டியும் அதுதானாம்மா?"

"இல்லப்பா. எல்லாம் அது இல்ல."

"நீ படிச்சவ. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அப்பா, நான் பி.காம்ப்பா."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு என்ன நினைவிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான கஞ்சியின் வாசனை. ஸ்டெல்லாவின் கை. "குடிக்கா, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்கிற குரல். இதமாக இருந்தது. எனக்குப் பயமே இல்லை. பயந்ததெல்லாம் அவர்கள்தான்.

மறுநாள் ஸ்கேன் என்று முடிவாகியிருந்தது. அன்று மதியம் ஏகாம்பரம் கடையில் நிற்க முடியாமல் முன்னதாகவே வந்துவிட்டார். சாப்பிட்டிருக்கவில்லை. நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டெல்லா எனக்குத் தூக்குவாளியிலிருந்து கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"அண்ணா, காலையிலயிருந்து ஒண்ணும் சாப்டல போலக்குது. இந்தாங்க, ஒரு டம்ளர் குடிங்க. நிறைய இருக்குது."

அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார்.

"இன்னாமா இது, உப்பே இல்ல?"

ஸ்டெல்லா பெருமையாகச் சொன்னாள், "அதெப்படிண்ணா போடுவேன்? அக்கா விரதமாச்சே! நெனவு தப்பினாலும் விரதம் தப்பக் கூடாதுன்னு வீட்டுலயிருந்து தனியா காய்ச்சிக்கினு வர்றேன்."

"என்ன விரதம்?"

அவள் சொன்னாள். எப்போதிலிருந்து என்றும் சொன்னாள். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார், "அப்ப ஆஸ்பத்திரியில குடுக்கற சாப்பாடு?"

"அதுல உப்பு இருக்குதே. வீணாக்கறது பாவம்னு நானே சாப்டுடறேன்."

"உனக்கு விரதம் இல்லியா?"

"வெளியில சாப்பிடறது கணக்குல வராதுண்ணா."

ஏகாம்பரம் அதிர்ந்து பேசாத மனிதர். அந்த டம்ளரோடு வார்டின் நடுவில் ஓடினார் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் எனக்குச் சொன்னார். "சிஸ்டர்! உப்பு! உப்பு இல்ல சிஸ்டர்!" என்று கத்தினாராம். யாரோ கேன்டீன் சாம்பாரைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்து நர்ஸ் முதலில் திரும்பவே இல்லை.

டாக்டர் அம்மா வந்து ஸ்டெல்லாவை நிற்கவைத்துக் கேட்டார். தண்ணீர் கொடுத்தாயா?

"ஒரு சொட்டு தரல மேடம். நிவேதா சொல்லியிருந்துச்சு. கஞ்சிதான் குடுத்தேன். தாகம் எடுத்தா நீராகாரம்."

டாக்டர் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "விரதம் எந்தச் சாமிக்கும்மா?"

ஸ்டெல்லா தயங்கித் தயங்கி நடிகரின் பெயரைச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் அம்மா கேஸ் ஷீட்டில் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் படம் இன்னுமா வரல?" என்றார்.

விஷயம் புரிந்ததும் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து அழுதாள். "நல்லதுன்னு நெனைச்சேனே, என் கையாலயே குடுத்தேனே" என்று அவள் அழுததைக் கேட்டு, பரீட்சை முடிந்து வந்த நிவேதாதான், அவள்மேல் அத்தனை கோபம் இருந்தும், தோளைப் பிடித்து எழுப்பினாளாம். "எனக்குத்தான் ஆன்ட்டி தெரிஞ்சிருந்துச்சு. நான்தான் உங்களுக்குச் சொல்லல" என்றாளாம்.

ஸ்கேனை இரண்டு நாள் தள்ளிவைப்போம், உப்பு சேர்ந்து சோடியம் ஏறுகிறதா பார்ப்போம் என்றார் டாக்டர் அம்மா. ஏறினால் கட்டி பயம் பெரும்பாலும் தேவையில்லை. ஏறாவிட்டால் ஸ்கேன். ஆக எல்லாம் நான் உப்பு சாப்பிடுவதில் வந்து நின்றது. நானோ வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் நிவேதா சாதத்தைப் பிசைந்து ஊட்ட வந்தபோது நாக்கில் உப்பு பட்டதும் துப்பிவிட்டேன். "படம் வந்துச்சா?" என்று கேட்டேனாம். பெற்ற மகளை மறந்த மூளை விரதத்தை மறக்கவில்லை. இது எப்படி என்று டாக்டர் அம்மாவையே கேட்டேன். தெரியவில்லை என்றார்.

அப்போது ஏகாம்பரம் தட்டை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார், "படம் வந்துடுச்சு கௌரி. இன்னைக்குத்தான் ரிலீஸ். பாத்துட்டு நேரா வர்றேன்."

தியேட்டர் பக்கம் அவர் போய் வருடக்கணக்காகிறது. நான் சந்தேகமாகப் பார்த்தேனாம். "கதை சொல்லுங்க, பாப்போம்" என்றேனாம். அங்கிருந்து நிவேதா சொன்னதை எழுதுகிறேன். அவள் கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள்.

"ஒரு பெரிய ஜவுளிக் கடை. மாடியில ஏசி ஹால்" என்று ஆரம்பித்தாராம்.

"ஹீரோ?"

"ஹீரோ கீழ லாரியை நிறுத்திட்டு மேல வர்றான்."

"லாரியா?"

"அவன் வேற என்ன ஓட்டுவான்? வாயைத் திற." ஒரு வாய் போனது. "சம்சாரத்துக்கு ஒரு புடவை வேணும்ங்கறான். என்ன கலர்னா தெரியல. என்ன பார்டர்னா தெரியல. அவங்க நிறம் என்னன்னு கேட்டா, பாத்து ரொம்ப நாளாச்சுங்கறான். சரி, உக்காருப்பான்னு சொல்லி மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் ஒண்ணு பிரிக்கறோம். வேணாம்ங்கறான். மயில்கழுத்து. வேணாம். கிளிப்பச்சை, ரெண்டு பக்கமும் கோர்வை பார்டர். அதுவும் வேணாம்."

"பாட்டு?"

"இல்லாமயா? பிரிச்ச புடவையெல்லாம் மடிக்கறப்ப ஒரு பாட்டு."

"சண்டை?"

"கேஷ் கவுண்டர்ல."

தட்டு காலியாகிக்கொண்டு வந்தது. டாக்டர் அம்மா அவரைப் பகலிலும் உள்ளே விடச் சொல்லிவிட்டார்; அடுத்த வேளை இடைவேளைக்குப் பின் கதை. அதற்கடுத்த வேளையும் அவன் கடையிலேயே உட்கார்ந்திருந்தான், அவர் பிரித்துக்கொண்டே இருந்தார். நிவேதா எதிர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாமல்.

சோடியம் ஏறியது. மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர் அம்மா. சொற்கள் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வந்தன. சீப்பு, ஜன்னல், வெள்ளிக்கிழமை. ஒரு காலையில் ஏகாம்பரத்தைப் பார்த்து, "ஏங்க, இவ்வளவு இளைச்சிட்டீங்க?" என்றேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் துப்பட்டியை எடுத்து மடித்தார். காப்பீட்டுத் தாள்கள், பில் கவுன்டர் அலைச்சல் எல்லாவற்றையும் அவரும் நிவேதாவும் பார்த்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன்.

வந்த சில நாளில் கைக்குப் போன் வந்தது. குழுவில் எழுதினேன்: படம் பார்த்துவிட்டேன். இதுவரை அவர் செய்யாத வேடம். புடவை மடிக்கும் பாடலை மறக்க முடியாது. சேல்ஸ்மேனின் முகத்தை ஒரு காட்சியில்கூடக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டியிருக்கிறார்கள், அதுதான் படத்தின் உயிர்.

குழு கொந்தளித்தது. ஸ்டெல்லா உடனே கூப்பிட்டாள்.

"எனக்குச் சொல்லாம எங்கக்கா பாத்த?"

"ஆஸ்பத்திரியில."

அவள் நிவேதாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அப்போதுதான் இந்த உண்மை எனக்குச் சொல்லப்பட்டது. அப்படி ஒரு படம் இல்லை. எனக்கு நம்ப முடியவில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அந்த ஏசி ஹால் தெரிகிறது. எங்கள் நடிகர் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் புடவைகள் ஆறு போல விரிகின்றன. அவர் எதையோ சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

பிறகு உண்மையான படமும் வந்தது. நாங்கள் மூவரும் ஸ்டெல்லாவோடு போனோம். நிவேதா தானாகவே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். படம் நன்றாக இல்லை. வெளியே வரும்போது ஸ்டெல்லா என் காதில், "நீ நடுவுல உப்பு சாப்ட்டல்ல, அதான்க்கா" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் மாத்திரை, உப்பு, தண்ணீர் மூன்றையும் சரியாகப் புரிந்துகொண்டு மேலே விளக்கி எழுதியிருக்கிறவள். இருந்தாலும் சில நாட்களில் அவள் சொன்னது உண்மையோ என்று தோன்றிவிடுகிறது. இதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

சண்முகம் அந்த இரட்டைத்தலை மயில் புடவை விற்றுவிட்டதாகவும், அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றும் கேட்டார். தெளிந்த புத்தியோடு எத்தனையோ முறை வரைந்து பார்த்தேன். இரண்டாவது தலை ஒட்டவே இல்லை. பழைய ஃபைலைத்தான் மறுபடி அனுப்பினேன்.

கதையும் அப்படியே நின்றிருந்தது. தணிகாசலம் லாரியில் ஏறிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

"ஏங்க, அந்தப் படத்துல கடைசியில என்ன ஆச்சு?"

"எந்தப் படம்?"

"உங்க படம்."

"அட, நீ சாப்பிடணும்னு ஏதோ உளறினேன்மா. அதுக்கெல்லாம் கடைசி ஏது?"

"நான் தூங்கினதுக்கு அப்புறம்?"

அவர் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "கடை சாத்தற நேரம் ஆயிடுச்சு. லைட்டெல்லாம் அணைச்சாச்சு. அவன் ஒண்ணும் எடுக்கல. எழுந்து கையைத் தட்டிக்கினு கீழ எறங்கிட்டான்."

"எங்க போனான்?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க போவான்? நீ தட்டைப் பாரு, ஆறிக்கினு இருக்குது."

அந்த வாரமே கடைசி அத்தியாயத்தை எழுதினேன். தணிகாசலம் வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்கிறான். எங்கே போயிருந்தாய் என்று மனைவி கேட்கிறாள். "நான் இங்கதான்மா இருக்கேன்" என்கிறான். அதோடு முடித்தேன். அவன் இத்தனை நாள் எங்கேதான் இருந்தான், ஏன் சொல்லவில்லை என்று வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நானும் யோசித்துப் பார்க்கிறேன், எனக்கும் விளங்கவில்லை.

மறுநாள் காலை ஏகாம்பரம் வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "இன்னைக்காவது வந்தானா உன் லாரிக்காரன்?"

"வந்துட்டான்ங்க."

ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார். பிறகு கேட்டார்:

"சாப்ட்டானா?"